வொண்டில் ஆறும் ட்ரவுட் மீனும்

தூண்டில் என்றதும் நம்மவர் மனத்தில் எழும் காட்சி ஒன்றுதான். குளக்கரையில் ஒருவர் குந்தியிருப்பார். தங்கூசியின் நுனியில் ஒரு முள், முள்ளில் மண்புழு, நீரின்மேல் ஒரு தக்கை. தக்கை அமிழும்வரை காத்திருத்தலே அவர் தொழில். இங்கிலாந்திலும் அவ்வாறு மீன் பிடிப்போர் மிகப் பலர். ஆயினும் இந்நாட்டில் வேறொரு தூண்டில் முறையும் உண்டு. அதிற் புழுவும் இல்லை, தக்கையும் இல்லை. ஆற்றின் மேற்பரப்பில் வந்தமரும் ஈயைப் போன்று கோழியிறகாலும் பட்டுநூலாலும் பொய் ஈ ஒன்றைச் செய்து, அதனை மீனின் கண்முன்னே மெல்ல விழச்செய்து, உண்மை ஈயென்று மீனை நம்பவைத்துப் பிடிப்பது அம்முறை. அதற்கு ஈத்தூண்டில் என்று பெயரிட்டுக்கொள்வோம். ஈத்தூண்டிலைப் பற்றியும், அதனாற் பிடிக்கப்படும் ட்ரவுட் என்னும் மீனைப் பற்றியும், அம்மீன் வாழ்வதற்கு ஆறு எந்நிலையில் இருத்தல் வேண்டும் என்பது பற்றியும் இக்கட்டுரையிற் கூற விழைகின்றோம்.

தமிழ்ப் பாடசாலை மலரில் இப்பொருள் எதற்கு என்று பெற்றோர் சிலர் வினவக்கூடும். சென்ற தவணையில் நாம் வகுப்பிலே ஒரு கேள்வி கேட்டோம். கொலியர்ஸ் வூட்டில் பேரங்காடியின் வாகனத் தரிப்பிடத்தை ஒட்டி ஓடுகின்ற நீரோட்டத்தின் பெயர் யாது? வாரந்தோறும் பெற்றோருடன் அவ்விடஞ் செல்லும் பிள்ளைகளே வகுப்பிற் பெரும்பாலோர். இருவர் சரியான பெயர் சொன்னார்கள். ஒருவர் "கால்வாய்" என்றார். மற்றவர்கள் அங்கு நீர் ஓடுகின்றதா என்று எம்மைத் திருப்பிக் கேட்டார்கள். மகாவலியையும் காவிரியையும் படத்திற் சுட்டிக்காட்டப் பழக்கிய நாம், வீட்டு வாசலில் ஓடும் ஆற்றின் பெயரைச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

அவ்வாற்றின் பெயர் வொண்டில். தென் இலண்டனில் குரொய்டன், கார்ஷால்ற்றன் ஆகிய இரண்டு இடங்களில் ஊற்றெடுத்து, ஹக்பிரிட்ஜ், மிச்சம், மோர்டன், மேர்ட்டன், ஏள்ஸ்பீல்ட் ஆகிய ஊர்களைக் கடந்து வொண்ட்ஸ்வேத்தில் தேம்ஸ் நதியுடன் கலக்கின்றது. நீளம் ஏறத்தாழ 14 கிலோமீற்றர். காலையிற் புறப்பட்டால் மாலைக்குள் ஒரு பிள்ளை அதன் முழு நீளத்தையும் நடந்து முடிக்கலாம். சிறிய ஆறாயினும் அது ஓர் அரிய வகையைச் சேர்ந்தது. சோக்குப் பாறையிலிருந்து ஊறிவரும் ஆறுகள் உலகில் மிகச் சிலவே. அவற்றிற் பெரும்பாலானவை தெற்கு, கிழக்கு இங்கிலாந்திலேயே உள்ளன. ஹாம்ப்சயரின் ரெஸ்ற், இற்சென் ஆகியவை அவ்வகையிற் புகழ் பெற்றவை. வொண்டில் அவற்றுக்குச் சிறிய தங்கை எனலாம்.

சோக்கு என்பது கல்சியம் காபனேற்றினால் ஆன மென்மையான வெண்பாறை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணிய அல்காக்களின் ஓடுகள் அடியிற் படிந்து இறுகி அப்பாறை உருவாயிற்று. மழைநீர் அதன் மேல் வழிந்தோடிவிடாது, உள்ளே இறங்கிவிடும். நுண்டுளைகளிலும் வெடிப்புகளிலும் மாதக்கணக்கிலே தங்கி, வடிகட்டப்பட்டு, பாறை முடியும் இடத்தில் ஊற்றாக வெளிவரும். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட பெற்றோருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. நம் முன்னோர் பயிர் செய்ததும் குடித்ததும் சுண்ணாம்புக்கல்லின் உள்ளே தங்கிய மழைநீரையே. கீரிமலைக் கேணியில் ஊறுவது அந்நீர்தான். நிலாவரைக் கிணறும் அச்சுண்ணக்கல் கரைந்ததால் உண்டான பள்ளமே. கார்ஷால்ற்றன் குளத்தின் அடியிலிருந்து குமிழியிட்டு வருவதும் அதே முறையில் வரும் நீரே. பாறையின் வயதும் காலநிலையும் மட்டுமே வேறு. மேலே நிலத்தில் ஊற்றியது எதுவாயினும் ஒருநாள் கீழே கிணற்றில் வரும் என்பதை யாழ்ப்பாணத்து விவசாயி அறிவார். நைத்திரேற்று மிகுந்த கிணறுகளைப் பற்றி அங்கு பேசப்படுவது போலவே இங்கும் பேசப்படுகின்றது.

இவ்வகை ஊற்றுநீருக்கு இரண்டு குணங்கள். ஒன்று, தெளிவு. மற்றொன்று, மாறாத வெப்பநிலை. தை மாதத்து உறைபனியிலும் ஆடி மாதத்து வெயிலிலும் ஊற்று வாயில் நீர் ஏறத்தாழ 10, 11 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். ட்ரவுட் மீனுக்கு இதைவிட உவப்பான இல்லம் இல்லை.

ட்ரவுட் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. வொண்டிலில் வாழ்வது பழுப்பு ட்ரவுட். பொன்னிற வயிறும், உடலிற் கருஞ்சிவப்புப் புள்ளிகளும் உடையது. இலங்கையில் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி ஓடைகளிலும், தமிழ்நாட்டின் நீலகிரியிலும் ட்ரவுட் உண்டு என்று நம்மிற் சிலர் கேள்விப்பட்டிருப்போம். அங்கு அது அயல்மீன். தம் பொழுதுபோக்குக்கு ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டவை. இங்கு அது சொந்தக்காரன். பனியூழிக் காலம் முடிந்த நாள்முதல் இந்நாட்டு ஆறுகளில் வாழ்ந்துவருவது.

இம்மீனை ஆற்றின் மருத்துவர் என்று சிலர் கூறுவர். எமக்கு அவ்வுவமை பொருத்தமாகத் தோன்றவில்லை. மருத்துவர் நோயைத் தீர்ப்பார். ட்ரவுட்டோ நோய் வந்ததும் முதலில் இறந்துபோகும். நாடித்துடிப்பு என்று கூறுதல் தகும். ஏனெனில் அதற்கு வேண்டியவை மூன்று. குளிர்ந்த நீர், ஒட்சிசன் நிறைந்த நீர், தூய கூழாங்கல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது நில்லாது.

முதலிரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டும். ஒட்சிசன் நீரிற் கரையும் அளவு வெப்பநிலை கூடக் கூடக் குறையும். 10 பாகையில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கலாம். 20 பாகையில் 9.1, 30 பாகையில் 7.6. இவை நீர் கொள்ளக்கூடிய உச்ச அளவுகள் என்பதை மாணவர் மறத்தலாகாது. கழிவுப்பொருள் ஆற்றில் விழுந்தால் அதனைச் சிதைக்கும் பக்ரீரியாக்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தித் தீர்த்துவிடும். அப்போது உள்ள அளவு, கொள்ளக்கூடிய அளவைவிட மிகவும் தாழ்ந்துவிடும். கார்ப் போன்ற மீன்கள் லீற்றருக்கு இரண்டு, மூன்று மில்லிகிராமிலும் சமாளித்துக்கொள்ளும். ட்ரவுட்டோ ஐந்தை நோக்கி இறங்கும்போதே மூச்சு முட்டி இடர்ப்படும். நீரின் வெப்பம் 19 பாகையைத் தாண்டினால் உணவு கொள்வதை நிறுத்தும். 25 பாகையளவில் உயிர் நிலைக்காது. வெப்பம் ஏறும்போது மீனின் உடல் கேட்கும் ஒட்சிசன் கூடும், நீர் கொடுக்கும் ஒட்சிசன் குறையும் என்பதே இதிலுள்ள இடுக்கண்.

மூன்றாவது தேவை கூழாங்கல். கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெண் மீன் ஆற்றின் அடியிலே பக்கமாகச் சாய்ந்து, வாலினால் அடித்துக் கூழாங்கற்களை விலக்கி ஒரு பள்ளம் தோண்டும். அதில் முட்டையிட்டதும் ஆண்மீன் கருவூட்ட, அப்பள்ளத்தைப் பெண்மீன் மீண்டும் கற்களால் மூடும். அதன்பின் தாய் அவ்விடம் நில்லாது. கற்களின் இடையே ஓடும் நீரே முட்டைகளுக்குத் தாய். முட்டை பொரிக்கும் நாளைக் கணக்கிட வளர்ப்போர் ஒரு முறை வைத்திருக்கின்றனர். நாளொன்றின் சராசரி வெப்பநிலையை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வந்தால், அக்கூட்டுத்தொகை ஏறத்தாழ 410ஐ அடையும்போது குஞ்சு வெளிவரும். நீர் 10 பாகையில் நின்றால் 41 நாள். 5 பாகையில் நின்றால் எத்தனை நாள் என்று எட்டாம் வகுப்பினர் மனக்கணக்காகச் சொல்லலாம். அத்தனை நாளும் நீர் கற்களிடையே தடையின்றி ஓட வேண்டும். தெருவிலிருந்தும் கட்டட வேலைத்தலங்களிலிருந்தும் வழிந்துவரும் சேறு அவ்விடைவெளியை அடைத்தால் முட்டைகள் மூச்சின்றி அழுகிப்போகும். பார்வைக்கு ஆறு தெளிவாகவே இருக்கும். மீன்கள் நீந்திக்கொண்டும் இருக்கும். அடுத்த தலைமுறை மட்டும் இராது. ஓர் ஆறு இவ்வாறு ஓசையின்றி இறக்கக்கூடும்.

இனி ட்ரவுட்டின் உணவு. ஆற்றின் அடியிலுள்ள ஒரு கல்லைப் புரட்டினால் அதன் கீழே ஓர் ஊரே இருக்கக் காண்போம். நன்னீர் இறால்கள் பக்கவாட்டில் நெளிந்தோடும். கடிஸ் என்னும் ஈயின் குடம்பி, சிறு மணல்களையும் கற்துணுக்குகளையும் தன் வாயில் ஊறும் பட்டினால் ஒட்டி வீடு கட்டி, அவ்வீட்டையும் இழுத்துக்கொண்டே நடக்கும். கல்லோடு கல்லாகத் தட்டையாய் ஒட்டியிருப்பது மே ஈயின் அணங்கு. பூச்சியின் இளம் பருவத்துக்கு அணங்கு என்னும் சொல்லை விஞ்ஞானத் தமிழுக்குத் தந்தவர் யாராயினும் நன்றி கூறத்தக்கவர். நீரில் மறைந்து வாழும் அழகிய தெய்வத்துக்குரிய சொல்லல்லவா அது.

மே ஈயின் வாழ்வு வியப்புக்குரியது. அதன் பெரிய இனம் ஒன்று அணங்காக ஆற்று மண்ணைத் துளைத்து ஓராண்டோ ஈராண்டோ வாழும். வைகாசி மாதத்து ஒரு பிற்பகலில் நீர்ப்பரப்புக்கு ஏறி, தோலைக் கிழித்து, சிறகுடன் எழும். முதலில் அதன் சிறகு மங்கலாயிருக்கும். கரையோரப் புல்லில் அமர்ந்து இன்னொரு முறை தோலுரிக்கும். சிறகு முளைத்தபின் மீண்டும் தோலுரிக்கும் பூச்சி உலகில் இவ்வினம் ஒன்றே. இப்போது சிறகு கண்ணாடி போலாகும். வாய் இருந்தும் உண்ண இயலாது. கூடி, நீரில் முட்டையிட்டு, இரண்டொரு நாளில் இறந்துவிடும். மழை பெய்த இரவில் விளக்கைச் சுற்றி மொய்க்கும் ஈசலை நினைத்துக்கொள்க. உறவு இல்லையாயினும் காட்சி அதுவே. ஈசல் புறப்பட்டதும் கோழிகள் ஓடிவருவது போல, மே ஈ புறப்பட்டதும் ட்ரவுட் மேலே வரும்.

ஈத்தூண்டில் என்னும் கலை தோன்றியது இந்த உண்மையை உற்றுநோக்கியவர்களாலேயே. ஏறத்தாழ கி.பி. 200இல் உரோமாபுரியில் வாழ்ந்த ஈலியன் என்பவர், மசிடோனிய நாட்டு மீனவர் தூண்டில் முள்ளிற் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் கழுத்திறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்துள்ளார். இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூலொன்று பன்னிரண்டு வகைப் பொய் ஈக்களைக் குறிப்பிடுகின்றது. சாதாரணத் தூண்டிலில் இரையின் பாரமே கயிற்றை இழுத்துச் செல்லும். பொய் ஈக்குப் பாரம் இல்லை. ஆகவே கயிற்றையே பாரமாகச் செய்து, சவுக்கை வீசுவது போலப் பின்னும் முன்னும் வீசி, அதன் நுனியிலுள்ள மெல்லிய இழையில் ஈயைப் பறக்கவிடுவர். அது நீரில் விழுந்தபின் நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். அதனினும் சற்று விரைந்தாலும் பிந்தினாலும் மீன் ஐயுற்று விலகும். அன்று அவ்வேளையில் ஆற்றில் எந்த ஈ பறக்கின்றதோ அதன் நிறமும் அளவும் உடைய பொய் ஈயையே கட்டவேண்டும். இதனால் ஈத்தூண்டிலாளர் பூச்சிகளைக் கற்றுத் தேர்ந்தவராயினர். பல்கலைக்கழகத்தினர் எண்ணத் தொடங்குமுன்னரே, எந்த மாதத்தில் எந்த ஈ குறைந்தது என்பதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தவர்கள் அவர்களே.

வொண்டிலுக்கு இவ்வரலாற்றில் இடம் உண்டு. கடற்படைத் தளபதி நெல்சன் 1801இல் மேர்ட்டனில் வீடு வாங்கினார். அவரது தோட்டத்தினூடே வொண்டிலின் ஒரு கிளை ஓடிற்று. 1797இல் வலக்கையை இழந்த அவர் இடக்கையால் ஈத்தூண்டில் வீசினார் என்று விஞ்ஞானி ஹம்பிரி டேவி 1828இல் எழுதியுள்ளார். பொய் ஈயை நீரின்மேல் நனையாது மிதக்கவிடும் முறையை நூல்வடிவில் வகுத்துரைத்த பிரெடெரிக் ஹல்போர்ட் என்பார் ஈத்தூண்டிலைக் கையிலெடுத்தது 1868இல், இதே வொண்டில் ஆற்றிலேயே. அவருடைய முதல் நூல் 1886இல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் நியூசிலாந்துவரை பரவியுள்ள ஒரு கலையின் ஆசிரியர், நம் பிள்ளைகள் பேருந்துக்குக் காத்துநிற்கும் இடத்துக்கு அருகே பாடம் பயின்றார் என்பது அறியத்தக்கது.

ஆனால் ஆறு அப்போதே நோயுற்றிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இச்சிறிய ஆற்றின் கரையில் ஏறத்தாழ 90 ஆலைகள் இயங்கின. மாவரைக்கவும், மூக்குப்பொடி அரைக்கவும், துணி வெளுக்கவும், செம்பு அடிக்கவும் ஆற்றின் விசையே பயன்பட்டது. ஒவ்வோர் ஆலைக்கும் ஓர் அணை. அணைதோறும் மீனின் வழி அடைபட்டது. 1881இல் வில்லியம் மொரிஸ் என்னும் கலைஞர் மேர்ட்டனில் துணி அச்சிடும் பட்டறை அமைத்தார். தம் துணிக்கோலம் ஒன்றுக்கு வொண்டில் என்றே பெயரும் வைத்தார். அவருக்கு முன்னரே, 1866இல், அறிஞர் ஜோன் ரஸ்கின் கார்ஷால்ற்றன் ஊற்றுகளிற் குப்பை கொட்டப்படுவதைக் கண்டு மனம் வெதும்பி எழுதினார். பின்னர் தம் பொருளைச் செலவிட்டு ஒரு குளத்தைத் துப்புரவாக்கித் தம் தாயின் பெயரை அதற்கு இட்டார். அக்குளம் இன்றும் உள்ளது. பேனாவினால் எழுதியதோடு நில்லாது மண்வெட்டிக்கும் பணங் கொடுத்த அறிஞர் அவர்.

20ஆம் நூற்றாண்டில் சாயப்பட்டறைகளும் தோல் பதனிடும் ஆலைகளும் வெளியேற்றிய நீரால் ஆறு ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியதை முதியோர் நினைவுகூர்வர். 1960களில் அது சாக்கடை என்றே வகைப்படுத்தப்பட்டது. ட்ரவுட் முற்றாக மறைந்தது. மிச்சம் என்னும் ஊரிலும் மீன் மிச்சமில்லை.

மீட்சி மெல்ல வந்தது. ஆலைகள் மூடப்பட்டன, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி, தூண்டிலாளர் சிலர் கூடி மாதம் ஒரு ஞாயிறு ஆற்றில் இறங்கிக் கடைத் தள்ளுவண்டிகளையும் பழைய ரயர்களையும் இழுத்தெறியத் தொடங்கினர். அவர்களது முயற்சியே வொண்டில் அறக்கட்டளையாக வளர்ந்தது. அவர்கள் செய்த மிக அழகிய காரியம், அயலிலுள்ள பாடசாலைகளுக்கு ட்ரவுட் முட்டைகளைக் கொடுத்தது. குளிரூட்டிய தொட்டியில் வகுப்பறையிலேயே முட்டை பொரித்தது. மாணவர் நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்தனர். வசந்த காலத்தில் தம் கையாலேயே குஞ்சுகளை ஆற்றில் விட்டனர்.

இந்நிலையில் 2007 செப்ரெம்பர் 17ஆம் நாள், பெடிங்ரன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டிகளைக் கழுவப் பயன்படுத்திய சோடியம் ஐப்போகுளோரைற்று ஆற்றிற் புகுந்தது. வீட்டில் நாம் குளியலறை கழுவும் வெளிற்றித் திரவம் அதுவே. ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தூரத்தில் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட மீன்கள் இறந்து மிதந்தன. பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் அழிந்தது. 2009இல் நீதிமன்றம் 125,000 பவுண் தண்டம் விதித்தது. அடுத்த ஆண்டு மேன்முறையீட்டில் அது 50,000 ஆகக் குறைக்கப்பட்டது. தண்டத்துக்குப் புறம்பாக ஆற்றின் புனரமைப்புக்கென அந்நீர் நிறுவனம் 500,000 பவுண் வழங்க முன்வந்தது என்பதையும் நியாயத்தின் பொருட்டுக் கூறவேண்டும். அதன்பின் அணைகள் சில அகற்றப்பட்டன, சிலவற்றில் மீன் ஏறும் படிகள் அமைக்கப்பட்டன, கூழாங்கல் கொட்டப்பட்டது. இன்று வொண்டிலில் ட்ரவுட் தானாகவே முட்டையிட்டு இனம் பெருக்குகின்றது. ஆபத்து நீங்கிவிட்டது என்று எவரும் எண்ணலாகாது. 2025 பெப்ரவரியில் ஆயிரக்கணக்கான லீற்றர் டீசல் பெடிங்ரன் பகுதியில் இவ்வாற்றிற் கசிந்தது. சுத்திகரித்து வெளிவிடப்படும் நீரே கோடையில் ஆற்றின் பெரும்பகுதி என்பதும் நினைவில் இருத்தற்குரியது. ஊற்றுக்கு வரவேண்டிய நீரை நாம் குழாய்வழி முன்னரே எடுத்துக்கொள்கின்றோம். ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 லீற்றர். நால்வர் உள்ள வீட்டுக்கு 560.

ஆறு நலமாயுள்ளதா என்பதை எவ்வாறு அறிவது? இரசாயனப் பரிசோதனை அந்த நிமிடத்து நீரை மட்டுமே சொல்லும். நச்சுநீர் இரவிற் கடந்து சென்றுவிட்டால் காலையில் எடுத்த போத்தல் நீர் தூயதாகவே இருக்கும். கல்லின் கீழ் வாழும் பூச்சியோ அவ்விரவும் அங்கேயே இருந்தது. ஆகவே பூச்சிகளைக் கேட்பதே சிறந்த முறை. 2007 முதல் இந்நாட்டில் தொண்டர்கள் அதனை ஒழுங்காகச் செய்துவருகின்றனர். ஒருவர் கைப்பிடி வலையுடன் ஆற்றில் நின்று, வலைக்கு மேற்புறமாக மூன்று நிமிடம் காலால் அடிமண்ணைக் கிளறுவார். மேலும் ஒரு நிமிடம் கற்களைக் கையால் தடவுவார். வலையில் விழுந்தவற்றை வெள்ளைத் தட்டில் இட்டு எட்டு வகைகளாகப் பிரிப்பர். மே ஈயில் நான்கு பிரிவுகள், வீடுகட்டும் கடிஸ், வீடற்ற கடிஸ், கல்லீ, நன்னீர் இறால் என்பன அவை. ஒரு வகையில் 1 முதல் 9 வரை இருந்தால் ஒரு புள்ளி. 10 முதல் 99 வரை இரண்டு. 100 முதல் 999 வரை மூன்று. ஆயிரமும் அதற்கு மேலும் நான்கு. எண்ணி முடிந்ததும் உயிர்களை ஆற்றிலேயே விட்டுவிடுவர்.

கற்பனைக் கணக்கு ஒன்று பார்ப்போம். சித்திரை மாதத்தில் வீடுகட்டும் கடிஸ் 14, வீடற்றது 6, மே ஈயின் ஒரு பிரிவு 230, இன்னொரு பிரிவு 8, இறால் 1,200 எனின், 2, 1, 3, 1, 4 ஆக மொத்தம் 11 புள்ளி. வைகாசியில் அதே இடத்தில் முறையே 9, 2, 40, 0, 300 எனின் புள்ளி எத்தனை? மாணவர் கணக்கிட்டு அறிக. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எல்லைப் புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் சுற்றாடல் முகவரகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

இது வெறும் விளையாட்டன்று. 2013 யூலை முதலாம் நாளையொட்டி கென்னெற் என்னும் ஆற்றில் தொண்டர்கள் வலையை இட்டபோது, வழக்கமாய்ப் பல நூறு இறால் காணும் இடத்தில் அவை இறந்து கிடந்தன. மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன, நீர் தெளிவாக இருந்தது, கரையில் நடந்துசென்ற எவருக்கும் எதுவும் தெரியவில்லை. குளோர்பைரிபொஸ் என்னும் பூச்சிநாசினி சுத்திகரிப்பு நிலையத்தினூடாக ஆற்றிற் புகுந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றருக்குப் பூச்சிகளையும் இறால்களையும் அழித்திருந்தது பின்னரே தெரியவந்தது. அதன் அளவு ஓரிரு தேக்கரண்டி மட்டுமே என்று மதிப்பிடப்பட்டது. அந்நஞ்சின் பெரும்பாலான பயன்பாடு 2016இல் இந்நாட்டிலே தடைசெய்யப்பட்டது. வலையுடன் நின்ற தொண்டர்கள் இல்லையேல் அச்செய்தியே வெளிவந்திராது.

அவ்வாறு ஆற்றை அடையும் நஞ்சுகள் நம் வீடுகளிலும் உண்டு. நாய், பூனைகளின் கழுத்தில் விடும் உண்ணி மருந்திலுள்ள பிப்ரொனில் என்னும் இரசாயனம், இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளில் 98 வீதமானவற்றில் இருந்ததாக 2020இல் ஆய்வாளர் வெளியிட்டனர். தெருவோரத்து இரும்புக் கம்பி வடிகால் பல இடங்களில் நேரே ஆற்றுக்கே செல்கின்றது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு அன்று. வாகனம் கழுவிய சவர்க்கார நீரை அதிற் போகவிடுதல் ஆற்றில் ஊற்றுவதற்கு ஒப்பாகும். வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் அது குழாயில் உறைந்து அடைக்கும். அடைபட்ட கழிவுநீர் மழைநாளில் மேலெழுந்து ஆற்றைத் தேடும். எண்ணெயை ஆறவிட்டுப் போத்தலில் அடைத்துக் குப்பையில் இடுவதற்கு இரண்டு நிமிடமே செல்லும். பூசைப் பூக்களை ஓடும் நீரில் விடும் வழக்கம் நமக்கு உண்டு. கடல் போன்ற ஆறுகளுக்கு ஏற்பட்ட அவ்வழக்கத்தை முழங்கால் ஆழமுள்ள ஓடைக்குப் பொருத்துதல் தகாது. மாலையில் நூலும் பிளாஸ்ரிக்கும் இருப்பின் சொல்லவே வேண்டாம். தோட்டத்து மண்ணிற் புதைத்தால் ரோசாவுக்கு உரமாகும்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு விடை கூறாது இதனை முடித்தல் முறையாகாது. "சேர், திரும்பவும் ஆற்றில் விடுவதற்காக ஏன் மீனைப் பிடிக்கிறார்கள்? அதற்கு வலிக்காதா?" இக்காலத்து ஈத்தூண்டிலாளர் பலர் எதிர்முள் இல்லாத தூண்டிலையே பயன்படுத்துவர், மீனை நீரிலிருந்து உயர்த்தாமலே கழற்றிவிடுவர், வெயில் நாளில் நீர் சூடாயிருந்தால் தூண்டில் வீசார். ஆயினும் மீன் வலியை உணரும் என்றே இன்று ஆய்வாளரிற் பலர் கருதுகின்றனர். மரக்கறி உண்ணும் வீட்டில் வளர்ந்த அப்பிள்ளைக்கு இது கொடிதாகத் தோன்றுவது இயல்பே. எமக்கும் இதில் முழு உடன்பாடு இல்லை. விளையாட்டுக்கு ஓர் உயிரை அலைக்கழித்தல் நம் மரபுக்கு ஒவ்வாது. ஆனால் ஒன்றை மறுக்க இயலாது. சாக்கடையென்று ஊரே கைவிட்ட ஆற்றில் முதலில் இறங்கியவர்கள் தூண்டிலாளரே. மீனைத் தொடவும் விரும்பாத நம்மைப் போன்ற பல்லாயிரம் பேர் பாலத்தின்மேல் நடந்து சென்றுகொண்டிருந்தோம். அம்மாணவி அடுத்த வாரம் வந்து, தூண்டில் இன்றி வலையுடன் மட்டும் இறங்க முடியுமா என்று கேட்டாள். முடியும். பூச்சி எண்ணுவோர் ஒருநாட் பயிற்சி பெற்றாற் போதும். இளையோர் பெரியவர் துணையுடன் செல்லவேண்டும். தூண்டில் பிடிக்க விரும்பும் பிள்ளைகள், 13 வயது நிறைந்தவராயின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். 13 முதல் 16 வயதுவரை அது இலவசம்.

ட்ரவுட்டை நேரிற் காண விரும்புவோர் கார்ஷால்ற்றனிலோ ஹக்பிரிட்ஜிலோ வெயிலுள்ள நாளில் ஆற்றோரம் செல்க. சூரியன் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். ஆயினும் உங்கள் நிழல் நீரில் விழலாகாது. மீனின் நிறம் கல்லின் நிறத்தோடு ஒன்றிப்போவதால் எளிதிற் புலப்படாது. கூழாங்கல்லின்மேல் அசையும் அதன் நிழலே முதலிற் கண்ணிற் படும். நீரோட்டம் கொண்டுவரும் உணவை எதிர்நோக்கி அதன் தலை எப்போதும் மேற்புறம் நோக்கியே நிற்கும். ஆகவே கீழ்ப்புறமிருந்து மேல்நோக்கி, ஓசையின்றி நடந்து செல்க. தம்பி தங்கையரைக் கையிற் பிடித்துக்கொள்ளவும். கரை சில இடங்களில் வழுக்கும்.